அஸருக்கு முன் கழற்ற வேண்டிய பத்து நகங்கள்

1

இந்தக் கதை தண்டையார்பேட்டை மருந்துக்கடை ஒன்றில் கிடைத்தது. தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். முன்னால் ஒரு பெண் நகப்பூச்சு எடுக்கும் அசிட்டோன் கேட்டாள். "சீக்கிரம் குடுண்ணா, தொழணும்" என்றாள். கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மாதக்கணக்கில் ஒரு வரிகூட எழுதாமல் சலித்துக் கிடந்த எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அழகு ஒரு சிறை. ஜஸீமாவின் பத்து விரல்களும் அதன்..."

அடித்துவிட்டேன். சிறையாம், மண்ணாங்கட்டி. ஜஸீமா புடவைக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டுகிறவள். தங்கை கல்யாணத்துக்காவது கை அழகாக இருக்கட்டுமே என்று ஜெல் நகம் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

[தெரியாதவர்களுக்கு: அஸர் பிற்பகல் தொழுகை, துஆ பிரார்த்தனை. பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது. குளிப்பும், தொழுமுன் கை கால் முகம் கழுவும் ஒளுவும் செல்லாது, தொழ முடியாது. அதனால்தான் மாதவிலக்கு நாளாகப் பார்த்துப் போட்டாள். அப்போது தொழுகை கிடையாது. முடிந்ததும் பார்லரில் கழற்றிவிடலாம் என்றிருந்தாள்.]

3

கல்யாணம் முடிந்த கையோடு அம்மா மலிகா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்லர் யாருக்கு ஞாபகம்? விலக்கு முடிந்தும் நகம் அப்படியே இருந்தது. இன்று சாயங்காலம் ஆபரேஷன். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அஸர் தொழுதுட்டு எனக்காக துஆ கேளும்மா."

புர்காவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு ஜஸீமா தலையாட்டினாள்.

4

இங்கே கணவன் ரஷீது வருகிறான். முதல் பிரதியில் அவனை, "அப்பவே சொன்னேன்ல" என்று கத்தவைத்தேன். பொய். எர்ணாவூரில் லாரிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வருகிறவனுக்குக் கத்தத் தெம்பு ஏது? திருத்துகிறேன். அவன் பட்டறையிலிருந்து ஒரு பாட்டில் தின்னரோடு வந்தான்.

"லாரி பெயிண்டே உரிஞ்சிக்கினு வரும். நகம் இன்னா?"

"லாரிக்கு ஊத்தறத என் கையில ஊத்துவீங்களா? தோலு வெந்துடும்."

அவன் பாட்டிலைக் கொண்டுபோய் வாசலில் வைத்தான். ஜஸீமா அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்தாள். மருந்துக்கடையில் வாங்கிவந்த அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். இடது கை நகங்களின் பளபளப்பை அரத்தால் தேய்த்தெடுத்தாள். சுற்றித் தேங்காயெண்ணெய் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, பிரியாணி கட்டும் அலுமினியத் தாளைச் சுற்றினாள். வலது கைக்கு ரஷீது சுற்றிவிட்டான்.

இடது கையில் ஜெல் குழைந்து, ஐஸ் குச்சியால் தள்ளியதும் வந்துவிட்டது. வலது கையில் ஒன்றுகூட அசையவில்லை. அந்தக் கையைத் தேய்க்கவே மறந்திருந்தாள்.

(அலுத்துப்போனவர்கள் செய்யும் தப்பு. நானும் இந்தப் பத்தியை இரண்டு முறை எழுதிவிட்டேன்.)

வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஒரு நகத்தைப் பல்லால் கவ்வினாள். ரஷீது கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம் ஜஸீ, நகமும் சேந்து பிஞ்சிக்கும். தொழாம துஆ கேட்டா ஆவாதா?"

"ஆவும். அம்மா தொழுதுட்டு கேக்கச் சொன்னாங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவனே தேய்த்துவிட்டு மறுபடி தாள் சுற்றினான். அப்போது போன் அடித்தது, அம்மாதான். அவன்தான் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"உள்ள கூப்ட்டாங்கம்மா. தொழுதுட்டியா?"

5

முதல் முடிவில் ஜஸீமா, "தொழுதுட்டேம்மா" என்கிறாள். அம்மா நிம்மதியாக உள்ளே போகிறார். அந்தப் பொய்யோடு மகள் வீட்டில் காத்திருக்கிறாள். இதை எழுதிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

இரண்டாவதில் உண்மையைச் சொல்கிறாள். அம்மா சொல்கிறார்: "கல்யாணத்துலயே பாத்தேன். உன் கைக்கு நல்லா இருந்துச்சு. மெதுவா எடு."

இந்த முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. என் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரஷீது இன்னும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கம் அம்மா காத்திருக்கிறார். நீங்கள் பேசுங்கள்.