வியாழன் மிதக்கும்

முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட முகச்சவரத்துக்கு வருகிறவர்களைத்தான் சலூன்காரருக்குப் பிடிக்கும். முடி வெட்ட உட்கார்ந்தவன் நடுவில் தலையைத் திருப்புவான், போனை எடுப்பான், ‘அப்படியில்லண்ணே, நான் கேள்விப்பட்டது என்னன்னா’ என்று ஆரம்பிப்பான். முகச்சவரத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? அன்று மதியம் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் எதிர் வரிசை வங்கியின் காவலாளி. அவருக்கு இடது கன்னம் முடிந்து வலது கன்னம் தொடங்கியபோது, சலூன்காரர் வியாழன் கிரகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

“அங்க கால் வைக்க இடமே கிடையாதுங்க” என்றார், நுரையை வழித்தபடி. “தரைன்னு ஒண்ணு இருந்தாத்தானே? எல்லாமே வாயு. இறங்க இறங்கக் காத்து கெட்டியாகும், அப்புறம் தண்ணி மாதிரி ஆகும். எங்க காத்து முடிஞ்சு எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது. ஆனா ஆளு சைஸ் என்ன தெரியுமா? மத்த கிரகம் எல்லாத்தையும் சேத்து ஒரு தட்டுல வச்சாலும் இவரு தட்டுதான் கீழ நிக்கும். அவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டுப் பத்து மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திடறாரு.”

காவலாளி மூக்கால் ‘ம்’ என்றார்.

“மேல ஒரு புயல் அடிக்குது பாருங்க. நம்ம பூமியத் தூக்கி உள்ள போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து அடிக்குது. இன்னும் ஓயல.”

“எங்க வீட்லயும் ஒண்ணு அடிக்குது” என்றார் காவலாளி, உதடு அசையாமல்.

சலூன்காரரின் வான அறிவெல்லாம் பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கிவரும் வார இதழ்களிலிருந்து வந்தது. அந்த இதழ்களுக்கு அவர் கடையில் இரண்டு வேலை. காத்திருப்பவர்கள் புரட்டுவார்கள், கத்தியில் வழித்த நுரையைத் துடைக்க அவர் தாளைக் கிழிப்பார். படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டால் கொள்கையாவது ஒன்றாவது, கைக்கு வந்த தாள் கத்திக்குப் போகும். காவலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டே கிளம்பிப் போனதும் அவர் வியாழன் கட்டுரையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். மேல் வரியிலேயே போட்டிருந்தது: ‘இவ்வளவு பெரிய உருவத்தை அதற்கேற்ற தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் போட்டால் முழுகாது, மிதக்கும்.’ அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். இந்தச் செய்தி தேவைப்படுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், அவள் அவருடைய மனைவி.

அவள் நகர நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். குளத்துக்கு வருகிற சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் டிக்கெட்டக்கா. அவளுடைய அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று தெருவைப் பார்க்கும், இன்னொன்று தண்ணீரைப் பார்க்கும். தெரு ஜன்னலில் அவளுக்குச் சம்பளம், தண்ணீர் ஜன்னலில் சந்தோஷம். கூட்டமில்லாத நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்த நீலத்தையே பார்த்திருப்பாள். ஆனால் போன மாதம்வரை ஒரு தடவைகூட அதில் கால் நனைத்ததில்லை. பெரிய உடம்பு அவளுக்கு. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அவள் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து நிற்பதே மரியாதை. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது என்று சின்ன வயதிலேயே பழகிக்கொண்டவள். “நான் இறங்கினா தண்ணி எல்லாம் தெருவுக்கு வந்துடும், அப்புறம் எதுல குளிப்பீங்க?” என்று பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு முடிந்த பிறகு அவள் முகம் எப்படி ஆகும் என்பது சலூன்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். குளத்துப் பக்கம் வேலை பார்க்கிற எல்லாரும், விசில் அடிக்கும்வரை தண்ணீரில் மல்லாந்து மிதந்து காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை போகாது. ஆனால் வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கொடுக்கப் போக வேண்டும். அங்கே தகரக் கூரை, புகை, ஹார்ன். தண்ணீர் கண்ணில் படாது. நீச்சல் சொல்லித்தரும் கோச் நல்ல பெண். நாலைந்து தடவை அவளை ஆழமில்லாத பக்கத்தில் இறக்கி, முதுகுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டாள். கை இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையை எடுத்ததும் இவள் விறைத்துக்கொண்டு காலை உதைத்து, மூக்கில் தண்ணீர் ஏறி எழுந்துவிடுவாள். நாளைக் காலை பரீட்சை.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து நீச்சல் உடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கடைகளில் அவள் அளவுக்குக் கிடைக்காமல், தையல்காரம்மாவிடம் சொல்லிச் சந்தன நிறத்தில் தைத்து வாங்கிய உடை. போட்டுப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே கூச்சமாக இருந்ததாம். தளர்ந்த துணியோடு யாரும் இறங்கக் கூடாது என்று ஜன்னலில் எழுதி ஒட்டியிருப்பவளே அவள்தான். ஆனாலும் கோச்சிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கம் வைத்த துணியை இடுப்பைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல சேதி ஒண்ணு” என்றார் அவர், செருப்பைக்கூடக் கழற்றாமல். “வியாழன் மிதக்கும்.”

“எந்த வியாழன்? போன வியாழனா, வர்ற வியாழனா?”

“கிரகம்மா, வியாழன் கிரகம். அவ்ளோ பெரிய ஆளு. தண்ணில போட்டா முழுகாதாம். புத்தகத்துல போட்டிருக்கான். பெருசா இருந்தா முழுகிடும்னு யார் சொன்னது? உள்ள பூரா காத்துதானே. நீயும் அப்படித்தான். மூச்ச இழுத்து உள்ள வச்சேன்னா உன்ன அமுக்கணும்னா நாலு பேர் வேணும்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நெசமாவா போட்டிருக்கான்?”

“சத்தியமா.”

“அவ்ளோ பெருசு தண்ணில கிடந்தா எப்படிங்க இருக்கும்?”

“ஜம்முனு இருக்கும். யாரு என்ன சொல்லுவான்?”

அவள் உடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். “சரி, வியாழன் நாளைக்குத் தண்ணில எறங்குது” என்றாள். சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. அவருக்கு உள்ளுக்குள் பூரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷம் கிரகங்களைப் பற்றிப் பேசியதில் ஒரு தடவையாவது ஒரு மனுஷிக்குப் பிரயோஜனப்பட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பரீட்சை முடியும்வரை டிக்கெட் கொடுக்க ஆள் வேண்டும். அவரே உட்காருவதாகச் சொல்லி மேனேஜரிடம் அவள் ஒப்புதல் வாங்கியிருந்தாள். சலூனுக்கு அரைநாள் பூட்டு. அவளுடைய நாற்காலி அவருக்கு இரண்டு ஆள் உட்காரும் அகலத்தில் இருந்தது. குளத்தில் ஊழியர்கள் மட்டும். தெரு ஜன்னலில் அடுத்த வேளைக்கான வரிசை. அவர் சும்மா டிக்கெட் கிழிக்கிற ஆளா? கத்தி இல்லாவிட்டால் என்ன, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் எங்கே போய்விடப் போகிறார்கள். தோளில் துண்டோடு முதலில் நின்ற பெண்மணியிடம் ஆரம்பித்தார்.

“தெரியுமாம்மா, வியாழன் கிரகத்தத் தூக்கி இந்த மாதிரி ஒரு குளத்துல போட்டா மிதக்கும்.”

அந்தப் பெண்மணி பள்ளிக்கூட டீச்சர் போலும். இதமாகத்தான் திருத்தினாள். “மிதக்கறது சனிங்க. வளையம் இருக்கே, அது. வியாழன் தண்ணிய விடக் கனம். போட்டா முழுகிடும்.”

“இல்லைங்களே, புத்தகத்துல...” என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார். வியாழன் பக்கம் கண்முன் வந்தது. அதற்கடுத்து மிதக்கும் வரி. இரண்டுக்கும் நடுவில், இதழின் தையலோரத்தில் பல்லிளித்துக்கொண்டிருந்த கிழிசலும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. சனியைப் பற்றிய கட்டுரையின் தொடக்கம் யாருடைய கன்னத்து நுரையோடோ குப்பைக்குப் போயிருக்கிறது. வியாழனின் தலையில் சனியின் வாலை ஒட்டி, அதைச் சத்தியம் செய்து பெண்டாட்டியிடம் கொடுத்திருக்கிறார்.

நாற்காலியைத் திருப்பினார். அவள் ஏணிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பம்ப் இயக்குபவர், துப்புரவு வேலை பார்க்கும் இருவர், மேனேஜர் எல்லாரும் கரையில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்காமல் இருப்பதே அவளுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓடிப்போய் நிறுத்திவிடலாமா? என்னவென்று சொல்வது? ‘இரு, இரு, நீ முழுகிடுவே, கிரகம் மாறிப்போச்சு’ என்றா? அப்போது அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கையைத் தூக்கி, விரல்களை விரித்து ஒரு உருண்டை மாதிரி காட்டினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவர் தன்னுடைய முகத்தை அவசரமாகச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் அதைவிடப் பெரிய உருண்டையாகக் காட்டினார். அவர் வாழ்க்கையில் அறிந்தே சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

அவள் இறங்கினாள். கோச் அவள் முதுகுக்குக் கீழே கை வைத்தாள். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் தண்ணீருக்குள் போகும்படி படுத்தாள். கன்னம் இரண்டும் உப்பும் அளவுக்கு மூச்சை இழுத்து வைத்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. கோச் கையை எடுத்தாள்.

“டிக்கெட் குடுங்களேன்” என்றார் யாரோ பின்னாலிருந்து. அவர் காதில் விழவில்லை.

கால்கள் கீழே போகவில்லை. வயிறு மேலே நின்றது, முகம் மேலே நின்றது. சந்தன நிறத்தில் அவள் அகலமாக, சாவகாசமாக, யாருக்கும் இடம் விட்டுக்கொடுக்காமல் கிடந்தாள். இடுப்பில் தைத்த சுருக்கத் துணி தண்ணீரில் நனைந்து, மெதுவாக விரிந்து, அவளைச் சுற்றித் தட்டையாக ஒரு வட்டம் போட்டது. சலூன்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஜன்னல் கண்ணாடியில் நெற்றி முட்டியது.

விசில் அடித்தார்கள். காது தண்ணீருக்குள் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. மேனேஜர் இன்னொரு தடவை அடித்தார். கோச் சிரித்துக்கொண்டே தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள். பம்ப் இயக்குபவர் கைதட்டினார். நீர் சொட்டச் சொட்ட அவள் நேராக ஜன்னலுக்குத்தான் வந்தாள்.

“பாத்தீங்களா? மிதந்துடுச்சு வியாழன்! ஏங்க, மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

அவர் கண்ணாடியை நகர்த்தினார். விஷயத்தை மறைக்கலாம் என்றுதான் நினைத்தார். வாய் வேறு மாதிரி நினைத்தது. “அது வியாழன் இல்லம்மா. வியாழன் முழுகிடுமாம். மிதக்கறது சனிதானாம். நடுத்தாள்ல நான் நுரை தொடச்சிட்டேன்போல.”

அவள் அவரையே பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது. பிறகு குளத்துக் கூரை அதிரும்படி சிரித்தாள்.

“அப்போ நான் சனியா? இத உங்கம்மா கல்யாணத்தன்னிக்கே சொன்னாங்களே! நீங்கதான் இவ்ளோ நாள் கழிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்க.”

“உனக்குக் கோவம் வரலையா? நீ பாட்டுக்கு என் பேச்ச நம்பி...”

“உங்க பேச்ச நம்பித்தான் எறங்கினேன்” என்றாள். “படுத்ததுக்கப்புறம் எந்த கிரகமும் ஞாபகத்துல இல்லைங்க. தண்ணி தூக்கிச்சு. அவ்ளோதான்.”

அடுத்த வேளை தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், தெரு ஜன்னலில் நீண்டுகொண்டே போகும் வரிசையைப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தாள். இந்த முறை கோச் அருகில் இல்லை. யாரும் விசிலோடு நிற்கவில்லை.

டீச்சர் கம்பியை விரலால் தட்டினாள். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே டிக்கெட்டைக் கிழித்துப் பின்பக்கமாக நீட்டினார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு நகரவில்லை. கம்பிகளுக்கு நடுவே எட்டி, அவர் தோளுக்கு மேலாக அவளும் பார்த்தாள். காலியான குளத்தின் நடுவில் வட்டத்துணி மறுபடியும் விரிந்துகொண்டிருந்தது. பம்ப்பின் ஓட்டத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள்.