ரூனே வாங்கிவந்த ரம்பம்

தன்னைக் கேட்காமலே அண்ணன் ரூனே பழைய மாடல் மோட்டார் ரம்பத்தை வாங்கிவந்துவிட்டான் என்பது, அவன் வண்டியின் பின்கதவைத் திறந்தபோதுதான் குன்வோருக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போவதாகப் பேச்சு. இன்று வெள்ளிதான். ரூனே உதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு, பெரிய உதவி செய்துவிட்டவன் போல நின்றான்.

"கடைசிப் பீஸ். யால்மார் எனக்காக எடுத்து வெச்சிருந்தான். இனிமே இந்த மாடல் வராதாம்."

"நான் புதுசுதானே கேட்டேன்?"

"புதுசுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு குன்வோர். காட்டுக்குள்ள நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ, போன் பண்ணுவியா? இதுன்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்."

"பிடிக்கப்போறது யாரு, நீயா நானா?"

ஜனவரிப் புயல் ஸ்மோலாந்துக் காடுகளைப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. ஸ்ப்ரூஸ் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. கோடைக்குள் அவற்றை அறுத்து வெளியே எடுக்காவிட்டால் வண்டு விழுந்து, நிற்கிற மரங்களும் போய்விடும். பெரிய இயந்திரங்கள் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் அண்ணனும் தங்கையும் கையில் பிடிக்கும் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அவர்கள் ஜோடி. போன வாரம், வேரோடு பெயர்ந்து நின்ற ஒரு அடிமரம் மண்ணோடு திரும்பிச் சாய்ந்ததில் குன்வோரின் ரம்பம் நசுங்கிப்போனது. ஓர் எட்டு தள்ளி நின்றதால் அவள் தப்பினாள்.

அவள் அந்தப் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியில் போட்டாள்.

"எங்க போற?"

"மாத்த."

"பைத்தியமா உனக்கு?" என்றபடி ரூனே ஓடிவந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். ஊர் போய்ச் சேரும்வரை அவன் சாலையோரம் அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். குன்வோர் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள்.

யால்மாரின் கடையில் எண்ணெய் வாடையும் காபி வாடையும் கலந்து அடித்தன. குன்வோர் பெட்டியைக் கல்லாமேல் வைத்தாள். யால்மார் அவளைத் தாண்டி ரூனேயைப் பார்த்தான்.

"என்னப்பா, தங்கச்சிக்குப் பிடிக்கலையாமா?"

"தங்கச்சி இங்கதான் நிக்கிறா. அவகிட்டயே கேளு," என்றாள் குன்வோர்.

"கோவிச்சுக்காதே. கனமா இருக்குன்னு நினைக்கிறியா? ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடைதான்."

"கனத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா? ரெண்டையும் பின்னால கொண்டா. அறுத்துப் பாக்கணும்."

கடைக்குப் பின்னால் பனி மிதிபட்டு இறுகிக் கிடந்த முற்றத்தில், தாங்கிகள்மேல் ஒரு பருத்த ஸ்ப்ரூஸ் கட்டை கிடந்தது. ரூனே முந்திக்கொண்டு புதிய ரம்பத்தை எடுத்தான். பழையதை எப்படிக் கிளப்புவானோ அப்படியே இதையும் இழுத்தான். இழுத்தான், இழுத்தான், வியர்த்துப்போகும்வரை இழுத்தான். அது செருமிவிட்டு அடங்கியது.

"பாத்தியா? படிச்ச ரம்பம். என்னை மாதிரி ஆளோட பேசாதாம்," என்றான். யால்மார் வாய்விட்டுச் சிரித்தான்.

குன்வோர் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, நீலப் பொத்தானை அழுத்தி, இரண்டு முறை இழுத்தாள். கிளம்பியது. கட்டையில் வைத்ததும் சீராக இறங்கியது. கைப்பிடி அதிராமல் கைக்குள் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வட்டு வட்டாக நான்கைந்து துண்டு போட்டுவிட்டுப் பழையதை எடுத்தாள்.

பழையதும் நன்றாகத்தான் அறுத்தது, பொய் சொல்வதற்கில்லை. அதன் சத்தமே பழகிய சத்தம். ஆனால் மூன்றாவது வெட்டில் இடது கையில் அந்த எறும்பு ஊர்தல் தொடங்கியது. ஐந்தாவதில் எறும்பும் போய், கையுறைக்குள் விரலே இல்லாதது போலாயிற்று. அவள் இயந்திரத்தை நிறுத்திக் கீழே வைத்தாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

மூன்று விரல்கள் நடுக்கணுவரை மெழுகுத்திரி போல வெளுத்திருந்தன. வெளுப்பு முடிகிற இடம் கோடு கிழித்தது போலத் தெரிந்தது.

யால்மாரின் சிரிப்பு நின்றது. "ஐயோ, இது எவ்வளவு நாளா இருக்கு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். கட்டிய புருஷனிடம்கூடக் காட்டாத விரல்கள் அவை. ரூனே திடுக்கிட்டிருக்க வேண்டும், ஓடிவந்து கையைப் பிடித்திருக்க வேண்டும். அவனோ தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"குன்வோர்..."

"எப்பலேர்ந்து?"

"போன குளிர்காலத்துல. கொக்கியை மாட்ட முடியாம தடவிக்கிட்டு நின்ன. கண்ணு இருக்கே, பாத்தேன்."

"பாத்துட்டு?"

அவன் யால்மாரை ஒரு பார்வை பார்த்தான். யால்மார் உள்ளே நகரப் பார்த்தான். "நீ இங்கயே நில்லு," என்றாள் குன்வோர். அவன் நின்றான்.

"சொன்னா நீ டாக்டர்கிட்ட போவ," என்றான் ரூனே. "டாக்டர் ரம்பத்தைத் தொடாதேம்பான். அப்புறம் நான் யாரோட காட்டுக்குப் போறது? முன்பின் தெரியாத எவனையோ நம்பி மரத்தடியில நிக்கச் சொல்றியா?"

"அதனால அதிர்ற ரம்பமா பாத்து வாங்கி என் கையில குடுத்த."

"அப்படிச் சொல்லாத. அதிராத ரம்பம் வேணும்னு கேட்டா ஏன்னு கேப்பாங்க. நாளைக்கே ஊர் முழுக்கத் தெரியும். காட்டுச் சொந்தக்காரங்க சங்கத்துல கை சரியில்லாத ஜோடிக்கு வேலை குடுப்பாங்களா? இந்தப் புயல் மரம் முடியட்டும்னு பாத்தேன். நம்ம ரெண்டு பேருக்காகத்தான்."

அதுவரை அவளுக்கு இருந்தது எரிச்சல்தான். 'நம்ம ரெண்டு பேருக்காக' என்றதும்தான் கோபம் வந்தது. அது கத்துகிற கோபமாக இல்லை. ஒவ்வொரு மரத்தையும் இவன் கண்ணை நம்பி அல்லவா அறுத்தாள்? கிளை முறிந்தால், மரம் திரும்பினால், இவன் கத்துவான் என்று நம்பித்தானே தலை நிமிராமல் வேலை பார்த்தாள்? கண்ணெதிரே விரல் விரலாக அவள் கை செத்துக்கொண்டிருந்தது. இவன் வாயைத் திறக்கவில்லை.

"யால்மார், புதுசுக்குப் பில் போடு. பழசை நீயே வெச்சுக்கோ."

"அப்ப பழசை நான் எடுத்துக்கறேன்," என்றான் ரூனே, தோற்காதவன் போல.

"எடுத்துக்கோ. திங்கட்கிழமை நான் உன்கூட வரல."

"தனியாப் போவியா? சாஞ்ச மரத்துக்கு நடுவுலயா?"

"சோல்வேகூடப் போறேன்."

"அந்த வாயாடியோடயா?"

"ஆமா. அவன் பாத்ததையெல்லாம் சொல்லிடுவான்."

அவள் புது ரம்பத்தை வண்டியில் ஏற்றினாள். ரூனே மறுபக்கக் கதவில் கை வைத்தபோது உள்ளிருந்து பூட்டினாள். அவன் கண்ணாடியைத் தட்டினான். அவள் கிளம்பிவிட்டாள். பழைய ரம்பப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் எப்படி வீடு திரும்பினான் என்று அவள் விசாரிக்கவே இல்லை.

ரூனே சொன்னதைத்தான் மருத்துவரும் சொன்னார். இது ரம்பத்தின் அதிர்வால் வந்தது, இனி ரம்பம் வேண்டாம், போன உணர்ச்சி முழுதாகத் திரும்பாது, இத்தோடு நிறுத்தினால் மேலே ஏறாமல் இருக்கலாம். போன குளிர்காலமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டாள். பாதிப்பு ஒரு விரலோடு நின்றிருக்கலாம் என்றார் அவர்.

ஒப்புக்கொண்ட சரிவை முடித்துவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று அவள் அடம்பிடித்தாள். சோல்வேயோடு மே மாதம்வரை அறுத்தாள். அவன் காலை முதல் மாலைவரை பேசினான், மாமியாரைப் பற்றி, பன்றி விலையைப் பற்றி, தன் மூல வியாதியைப் பற்றி. புது ரம்பம் ஒரு மழை நாளில் நின்றுபோய் அன்று முழுக்க உயிர்பெறவே இல்லை. அதைத் தோளில் சுமந்துகொண்டு சாலைக்கு நடந்தபோது, எதிர்ச் சரிவிலிருந்து ரூனேயின் ரம்பச் சத்தம் நிற்காமல் கேட்டது. அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரிதான் என்பது அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது.

ஜூனில், மரம் அளந்து குறியிடும் வேலையை அவளுக்குச் சங்கம் கொடுத்தது. கை சரியில்லை என்று அவளே போய்ச் சொல்லிக் கேட்டு வாங்கிய வேலை. யாரும் அவளைத் துரத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் ரூனே வந்து முற்றத்தில் நின்றான். மெலிந்திருந்தான். அவளும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"சும்மாதானே கிடக்கு அது. எனக்குக் குடேன்," என்றான்.

"எது?"

"புது ரம்பம்."

"ஏன், கம்ப்யூட்டர்னியே?"

அவன் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் அந்தப் பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வா. அவர் தொடலாம்னு சொன்னா, தர்றேன்."

"நீ வர்றியா கூட?"

"இல்ல. உன்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"சரி," என்றான் அவன். "அது எனக்கு வேண்டியதுதான்."

மறுநாள் காலை அவனுடைய வண்டி மருத்துவமனைப் பக்கம் திரும்புவதை, காட்டோரம் மரம் அளந்துகொண்டிருந்த குன்வோர் பார்த்தாள். கையசைக்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போனாள்.