தட்டு அவருடையது, வேகம் அவளுடையது

"அது ஆம்பளை இல்ல டாக்டர், பொண்ணு. என் இசைத்தட்டு, எனக்குத் தெரியாதா?"

"தினமும் ஊரு வாய்க்குள்ள எட்டிப் பாக்கறவன் நான். தொண்டையைப் பத்தி எனக்கே பாடம் நடத்தறீங்களா?"

"நீங்க பல்லோட நின்னுடற ஆளு டாக்டர். தொண்டை வரைக்கும் எப்ப போனீங்க?"

மூன்றாவதாகப் பேசியது அண்ணி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஹாரன் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் வாயைத் திறந்ததும் மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பைகளே கொஞ்சம் ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கீழே கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் ஒரு திரைச்சீலை விலகியது. இதற்கெல்லாம் நாம் யாரையும் குறை சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள், மற்றவர்கள் காதை மூடிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கலாமா?

இத்தனை சத்தத்திலும் ஒருத்தி மட்டும் பேசவில்லை. வீட்டுக்காரி. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. அண்ணிக்கு அவள் நாத்தனார், மற்றவர்களுக்குக் கண்ணாடிக்கடைக்காரி. நாற்பதை நெருங்கியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் கண் பரிசோதனை அட்டையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க பார்ப்போம்" என்று பேச்சை மாற்றிவிடுகிற பேர்வழி. அவள் ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துணியால் ஊசியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூடி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

சண்டையின் வேர் இதுதான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தார்கள். பல் டாக்டர், அவருடைய மனைவியின் தம்பியும் அவர் வீட்டிலேயே தங்கியிருப்பவருமான கணக்கு வாத்தியார், அண்ணி, கண்ணாடிக்கடைக்காரி, அப்புறம் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். கணக்கு வாத்தியாருக்குக் கொசு என்று பட்டப்பெயர். ஆள் மெலிவு என்பதால் மட்டுமல்ல, காதுக்குள் வந்து பேசுவார் என்பதாலும். ஐந்து பேருக்கு ஒரு மெஷின் என்றால் அது யார் வீட்டில் இருப்பது? அதற்கு ஒரு வழக்கம் வைத்தார்கள். வருஷத்தின் கடைசி ஞாயிறு எல்லோரும் கூடவேண்டும். அந்த வருஷம் வெளிவந்த ஆல்பங்களில் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவரவேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடவேண்டும். ஜெயித்தவர் வீட்டுக்கு மெஷின் ஒரு வருஷம் குடிபோகும். மெஷின் எங்கேயோ, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அங்கே.

போன வருஷம் ஜெயித்தது கண்ணாடிக்கடைக்காரி. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அவள் வீட்டு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்கு முன் அந்தப் படியில் ஏறியது மின்சார மீட்டர் பார்க்கிறவர் மட்டும்தான். மெஷின் போனால் போகட்டும், அதை வைத்த மேசைமேல் பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம். செருப்புச் சத்தத்துக்குப் பதிலாக எதை வைப்பது என்றுதான் ஒரு மாதமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதிலும் குறிப்பாக ஒரு ஜோடிச் செருப்பு. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அண்ணிக்கு மட்டும் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் அடுத்த நிறுத்தத்துக்கும் தெரிந்த மாதிரிதான்.

ஓட்டு விஷயத்தில் டாக்டர் ஒரு கூடுதல் சட்டம் கொண்டுவந்திருந்தார். "எல்லாரும் பேரைப் பாத்துத் தலையாட்டறீங்க. காதால கேளுங்க." அதன்படி, உறைகளெல்லாம் ஒரே பழுப்புக் காகிதம். தட்டின் நடுவில் பெயர் அச்சடித்திருக்கிற இடத்தில் வட்டமாக வெட்டிய வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடவேண்டும். யார் கொண்டுவந்தது என்று வெளியே தெரியக்கூடாது. பாட்டு ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால் அவர் தட்டு போட்டியிலிருந்து விலக்கப்படும். முகம்கூட மாறக்கூடாது என்று சொல்லிப்பார்த்தார். "அப்ப நீங்க ஊசி போட்டு மரத்துப்போக வெச்சாதான் உண்டு" என்று அண்ணி சொன்னதும் அதை மட்டும் விட்டுவிட்டார்.

ஓட்டுப் போட, கடையில் மிச்சமாகிக் கிடக்கும் பழைய கண்ணாடி வில்லைகள். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு டம்ளர். பிடித்த தட்டின் டம்ளரில் வில்லையைப் போடவேண்டும், தன்னுடையதைத் தவிர.

அன்று முதலில் ஓடியது மேளங்கள் மட்டுமே கொண்ட ஆல்பம். அண்ணியின் தலை அவளை அறியாமல் ஆடியதில் அது யாருடையது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அடுத்தது பியானோ. ஒரு கட்டையைத் தட்டிவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தட்டுகிற ரகம். அது கொசுவினுடையது. அப்புறம், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிப் பதிவு செய்த ஒருத்தியின் ஆல்பம், வீட்டுக்காரியுடையது. நாலாவது, கல்யாண மண்டபம் கொள்ளாத அளவுக்கு வயலின்காரர்கள் கூடி இழுத்தது. அது டாக்டருடையது என்பது கொசுவுக்கு முன்கூட்டியே தெரியும். அத்தான் ஒரு மாதமாக அதைத்தான் நோயாளிகளின் வாய்க்கு மேலே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தட்டை வீட்டுக்காரி வைத்தாள். ஊசி இறங்கியது. அவ்வளவுதான், அறையில் கோப்பை வைக்கிற சத்தம்கூட நின்றுபோனது. கனமான ஒரு குரல். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைத்து எடுக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் பாடியது. பின்னால் கிதார் தூக்கம் கலைந்து எழுந்து நடந்தது. இரண்டு பக்கமும் முடிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. யாருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அறுபது வயசாவது இருக்கும் இந்த மனுஷனுக்கு. வாழ்க்கையில நல்லா அடிபட்டவன். ஒரு கடைவாய்ப் பல்லு கூட மிச்சமில்ல. உச்சரிப்பைக் கவனிச்சீங்களா?"

அந்தத் தட்டின் டம்ளரில் மூன்று வில்லைகள் விழுந்தன. டாக்டருடையது, அண்ணியுடையது, வீட்டுக்காரியுடையது. டாக்டரின் வயலின்களுக்கு இரண்டு. வெள்ளைக் காகிதத்தைப் பிரித்தார்கள். தட்டு லிஃப்ட்காரருடையது.

ஜெயித்தவர் சிரிக்கவேண்டுமல்லவா? அவர் தலையைச் சொறிந்தார். "மன்னிக்கணும். நீங்க கேட்டது நான் கொண்டுவந்த பாட்டு இல்ல" என்றார். அங்கேதான் சண்டை தொடங்கியது. இப்போது நாம் அறைக்குள் திரும்பலாம்.

லிஃப்ட்காரர் தட்டின் நடுப்பகுதியைக் காட்டினார். பெரிய தட்டு என்றால் மெதுவாகச் சுற்றும், சின்னத் தட்டு என்றால் வேகமாகச் சுற்றும். பொதுவாக அப்படித்தான். இது தப்பிப் பிறந்த தட்டு. அளவில் பெரியது, ஆனால் வேகமாகச் சுற்றவேண்டியது. வேகம் எவ்வளவு என்று நடுவில் அச்சடித்திருந்தது. பெயரை மறைக்க ஒட்டிய காகிதம் அதையும் சேர்த்து மறைத்துவிட்டது. மெதுவாகச் சுற்றினால் எந்தக் குரலும் கனத்துத்தான் போகும்.

"காகிதம் யாரோட யோசனை?" என்றாள் அண்ணி, தெரியாத மாதிரி.

டாக்டர் பிளேயரைக் கைகாட்டினார். "சரியான வேகத்துல போடுங்க, பாத்துடலாம்" என்றார்.

போட்டார்கள். இருபது வயதுப் பெண்ணொருத்தி துள்ளிக்கொண்டு வந்தாள். பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. கிதார் அவளுக்கு முன்னால் ஓடியது.

"காலையில என் வண்டியில ஏறுற காலேஜ் பொண்ணுங்க இப்படித்தான்," என்றாள் அண்ணி. "டிக்கெட் எடுக்கறதுக்குள்ள மூணு காதல் கதை சொல்லிடுவாளுங்க."

"இதுக்கா நான் அழுதேன்?" டாக்டர் எழுந்துவிட்டார். "இந்த ஓட்டு செல்லாது. நாம ஓட்டுப் போட்டது உலகத்துலயே இல்லாத ஒரு ஆல்பத்துக்கு. அடுத்த இடத்துல இருக்கறது என்னோடது. மெஷின் என் வீட்டுக்கு வரட்டும்."

டாக்டர் வீட்டில் சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் ஒரு துணி, துணிக்கு மேல் உட்காரப் பயந்துகொண்டு விருந்தாளி. அவர் மனைவிக்குக் கூட்டம் என்றாலே தும்மல். அங்கே போனால் இரண்டே ஞாயிற்றில் இந்தச் சங்கம் கலைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்டரைத் தவிர.

"அத்தான் சொல்றது கணக்குப்படி சரிதான்," என்று கொசு அண்ணியின் காதருகே முனகினார். "ஆனா அக்கா வீட்டுல பிஸ்கட் கூட எண்ணித்தான் வைப்பாங்க."

டாக்டர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "உங்க பாட்டு தப்பா ஓடுதுன்னு முதல் வரியிலயே தெரிஞ்சிருக்கும். கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"வாயைத் திறந்தா தட்டு விலக்கப்படும்னு சட்டம் போட்டது நீங்கதான் டாக்டர். நான் ஓட்டுப் போட்டதும் உங்க வயலினுக்குத்தான்."

"அப்ப வேகத்தை வெச்சது யாரு?"

மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரியின் கை நின்றது. அவள் சும்மா இருந்திருந்தால், தெரியாமல் நடந்த தவறு என்று எல்லோரும் முடித்திருப்பார்கள். வாயைத் திறந்தால் டாக்டர் கை ஓங்கும், மெஷின் உறை போட்ட சோபாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான் வெச்சேன். கிதார் தொடங்கினதுமே ஏதோ இடிச்சுது. பீரோவை யாரோ தரையில இழுக்கற மாதிரி. மாத்திடலாம்னு கையும் சுவிட்சுக்கிட்ட போச்சு. அதுக்குள்ள அந்தக் குரல் வந்துடுச்சு."

"மாத்தியிருக்கலாமே மேடம்" என்றார் டாக்டர்.

"மாத்தியிருக்கலாம். அடுத்து அந்தக் குரல் எங்க போகும்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துது. அது வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் பாட்டுக்குப் பாட்டு அப்படியே தோணிச்சு."

டாக்டர் வெற்றி கிடைத்த முகத்துடன் எல்லோரையும் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள், லிஃப்ட்காரரைப் பார்த்தாள். வளைவில் எதிரே லாரி வருகிறதா என்று பார்க்கிற பார்வை அது.

"டாக்டர், நீங்க அழுதீங்களா இல்லையா?"

"அது வந்து..."

"கைக்குட்டை நனைஞ்சிருக்கு. நீங்க அழுத பாட்டு இந்த அறையில ஓடிச்சு. இல்லாத ஆல்பம்னு எப்படிச் சொல்வீங்க? இருந்துது, அதை ரெண்டு பேர் சேர்ந்து பண்ணியிருக்காங்க. தட்டு இவரோடது, வேகம் இவளோடது. அதனால மெஷின் ரெண்டு பேருக்கும். பாதி வருஷம் அங்க, பாதி வருஷம் இங்க. யாருக்காவது ஆட்சேபம்னா இப்பவே சொல்லுங்க, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

கொசு அவசரமாகக் கையைத் தூக்கி ஆதரித்தார். டாக்டர் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, "இது சங்கமில்ல, சம்பந்தம் பேசற இடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் அந்த ஆள் வாழ்க்கையில் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான் என்று இந்தத் தெரு இன்றைக்கும் சொல்கிறது.

முதல் பாதி லிஃப்ட்காரருக்கு. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏற, அவள் ஊசிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஊசிப் பெட்டி சட்டைப்பையில் அடங்குகிற சாமான், அதற்குத் தனியாக ஆள் தேவையில்லை. ஆனாலும் போனாள்.

மூன்றாவது மாடியில் மெஷினைப் படியில் இறக்கி வைத்து இருவரும் மூச்சு வாங்கினார்கள். வழி முழுக்கக் கேட்க நினைத்ததை அவள் அப்போது கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. சட்டத்துக்குப் பயந்தா பேசாம இருந்தீங்க?"

"முதல் பாட்டுல பயந்துதான். ரெண்டாவதுல, போனாப் போவுது, சொல்லிடலாம்னு வாயைத் திறக்கப் பாத்தேன். அப்ப நீங்க கண்ணாடியைக் கழட்டி மடியில வெச்சீங்க." அவர் மெஷினின் ஓரத்தைக் கையால் துடைத்தார். "பாட்டு நிஜமாவே பிடிச்சாத்தான் கழட்டுவீங்க. ஒரு வருஷமா பாக்கறேன். நான் கொண்டுவந்த எதுக்கும் நீங்க அதைக் கழட்டினதே இல்ல."

"சுவிட்சுக்கிட்ட என் கை போனது?"

"அதையும் பாத்தேன். திரும்பி வந்ததையும் பாத்தேன்."

மெஷினின் ஒரு பக்கத்தை அவளும் பிடித்தாள். மிச்சமிருந்த மாடிகளை அவர்கள் ஏற எடுத்துக்கொண்ட நேரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடிக்காரி சொல்லித்தான் நமக்கும் தெரியும்.

பாதி வருஷம் முடிந்து மெஷின் கண்ணாடிக்கடை மாடிக்குத் திரும்பியபோது, அதோடு லிஃப்ட்காரரின் பெட்டி படுக்கையும் வந்தன. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து அண்ணியுடையது. கடையை இரண்டு நாள் மூடி வைத்தார்கள். கண் மங்கியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த ஐந்தாவது மாடி அறைக்கு இப்போது கொசு குடிபோயிருக்கிறார். அக்கா வீட்டில் பிஸ்கட் எண்ணிக்கை இன்னும் குறைந்துவிட்டதாம்.

டாக்டர் தனியாக ஒரு மெஷின் வாங்கிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்கு மாறிவிட்டார். அங்கே புது மருத்துவமனை, புது சோபா, புது உறை. பல் பிடுங்கிக்கொள்ளப் போன அண்ணி ஒரு செய்தியோடு திரும்பினாள். உள்ளறையில் மெதுவாக ஒரு கனமான குரல் பாடிக்கொண்டிருந்ததாம். அறுபது வயதாவது இருக்குமாம் அந்த மனுஷனுக்கு.