கேட்சரின் கை

செல்மா கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் அறைந்துகொண்டே இருந்தாள். தொப்பிக் கடைக்குள் பேரல் பெரியப்பா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பார்க்காதவர்போல அடுத்த விளக்குக்கு நகர்ந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். டொலீடோவில் ஜனவரி மாத வெயிலுக்கு ஆயுசு கம்மி. சூரியன் இறங்கினால் சபாத் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் ஞாயிறுவரை அப்பாவை மண்ணில் இறக்க முடியாது.

ஒருவழியாகக் கதவு திறந்தது.

"பெரியப்பா, அப்பா போயிட்டாரு. விடிகாலையில."

"கேள்விப்பட்டேன்."

"குளிப்பாட்ட ஆள் பத்தல. பாதிப் பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க. பெட்டிக்குள்ள தூக்கி வைக்கக்கூட இன்னொரு கை வேணும்னு ஈமக்கூடத்து ஃபைவிஷ் சொல்றாரு."

"கூடப் பொறந்தவன் குளிப்பாட்டுறது முறையில்ல."

"இத்தன வருஷமா இல்லாத கூடப் பொறந்தவன் இப்ப எங்கருந்து வந்தான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவரிடம் கேட்க வேண்டிய பெரிய உதவியே இனிமேல்தான் இருந்தது. அப்பாவுக்கு மகன் கிடையாது. குழியருகே நின்று கதீஷ் ஜெபம் சொல்ல ரத்த உறவில் ஓர் ஆண் வேண்டும், மிச்சமிருப்பவர் இவர் ஒருவர்தான். "பேரல் சொல்லணும்டி. கூலிக்கு எவனையும் பிடிச்சு நிறுத்திடாத" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்.

அப்பா லூ வைன்டிராப் என்றால் ஒரு காலத்தில் இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சீறி வரும் பந்தைப் பிடிக்கிற வேலை. யூதக் கடை ஒன்று பாக்கியில்லாமல் அவர் படம் தொங்கியது. அப்புறம் ஒரு யோம் கிப்பூர். உலகத்து யூதரெல்லாம் பட்டினி கிடந்து ஜெபக்கூடத்தில் மன்றாடுகிற அந்த நாளில் லூ மைதானத்தில் இறங்கினார். படங்களும் சுவரிலிருந்து இறங்கின. பேரல் தம்பியை அன்றோடு தலைமுழுகினார். அந்தக் குளிர்காலத்திலேயே அண்ணன் தம்பியின் அப்பா, கிழவர் மொர்தெகாய் கண்ணை மூட, மகன் செய்த வேலையால்தான் அப்பன் செத்தான் என்ற பழியும் லூ தலையில் விழுந்தது.

பெரியப்பா மேல்கோட்டை மாட்டிக்கொண்டார்.

"நட" என்றார். அவ்வளவுதான்.

ஈமக்கூடத்தில் செல்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆண் உடம்பைக் கழுவுகிற இடத்தில் பெண் நிற்கக் கூடாது. பெஞ்சில், அதே அணியில் அப்பாவுக்குப் பந்து வீசிய டாபின்ஸ் உட்கார்ந்திருந்தார். யூதர் இல்லை, ஆனால் செய்தி கேட்டதும் இண்டியானாவிலிருந்து காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டவர். கதவு மெல்லிசு. வாளி நகர்வதும் ஃபைவிஷின் குரலும் தெளிவாகக் கேட்டன.

"இந்த வலது கைதான் மக்கர் பண்ணுது. முஷ்டிய மூடிக்கிட்டுப் போகக் கூடாதே. ஒண்ணும் எடுத்துட்டுப் போகலன்னு விரிச்ச கையோடதான் போகணும். நல்லா அழுத்துங்கப்பா."

"என்ன செய்றாங்க?" என்றார் டாபின்ஸ்.

"விரல நேராக்குறாங்க."

"லூ விரலையா? நாலு டாக்டரால ஆகல, இவங்களால ஆயிடுமா?"

உள்ளே ஏதோ சொடக்கென்றது. செல்மா ஓடிப்போய்க் கதவில் குத்தினாள்.

"உடைக்காதீங்க! அது முஷ்டி இல்ல! பந்து பட்டுப் பட்டு அப்பா கையே அப்படி ஆயிடுச்சு!"

"செல்மா, தள்ளிப் போ." பெரியப்பாவின் குரல்.

"போக மாட்டேன். அந்தச் சுண்டுவிரல் எப்ப உடைஞ்சதுன்னு தெரியுமா உங்களுக்கு? யோம் கிப்பூர் அன்னிக்கு. பச்சத் தண்ணி பல்லுல படாம ஆடினாரு. கண்ண இருட்டிக்கிட்டு வந்து பந்தே தெரியலையாம்."

"பட்டினியோட ஆடினா பாவம் பாதியாயிடுமா?"

"ஆகாது. அவரும் அதையேதான் சொன்னாரு. திரும்ப உடைச்சு நேரா வெச்சுடலாம்னு டாக்டர் கெஞ்சினப்ப, வேணாம், இது இப்படியே இருக்கணும்னுட்டாரு. சாகுற வரைக்கும் அந்தக் கையாலதான் சோறு தின்னாரு."

தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"விடு, ஃபைவிஷ்" என்றார் பெரியப்பா.

"முறைன்னு ஒண்ணு..."

"முறைய எனக்குச் சொல்லித் தராத. கைய விடுன்னா விடு. அவன் கை விரிஞ்சுதான் இருக்கு."

பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். துணி உடுத்தினார்கள். பெட்டியில் இறக்கும்போது மூச்சு வாங்கினார்கள். கடைசியாக, கழுவியவர்கள் செத்தவரிடம் கேட்டாக வேண்டியதை, லூவின் எபிரேயப் பெயரைச் சொல்லிச் சேர்ந்து கேட்டார்கள்: "மொர்தெகாய் மகன் எலியேசரே, உமக்கு மரியாதைக் குறைவாக ஏதும் நடந்திருந்தால் எங்களை மன்னித்துவிடும்."

குரல்கள் ஓய்ந்தன. ஒரு குரல் மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முடித்துவிட்டு இன்னொரு தடவை ஆரம்பித்தது.

"ஒரு தடவ கேட்டாப் போதும், பேரல்" என்றார் ஃபைவிஷ்.

"உனக்குப் போதும்."

செல்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாபின்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வெளியே வந்தார். கை கழுவிய ஈரத்தைத் துடைக்கவில்லை, துடைப்பது வழக்கமும் இல்லை.

"பெரியப்பா, கதீஷ்..."

"வெயில் இறங்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இடுகாட்டில் காற்று முகத்தை அறுத்தது. கூட்டம் கொஞ்சம்தான். தலையை மூடச் சொன்னதற்கு டாபின்ஸ் தன் பழைய அணித் தொப்பியைக் காரிலிருந்து எடுத்து மாட்டியிருந்தார், யாரும் சிரிக்கவில்லை. ஜெபக்கூடத்து ரபி அடிக்கொரு தரம் மேற்கே பார்த்தார். அவர் செல்மாவின் கோட்டில் இடப்பக்கம் கத்தியால் கீறிவிட, துக்கத்தின் அடையாளமாக அவள் பிடித்து இழுத்துக் கிழித்தாள்; பெற்றவருக்கு இடப்பக்கம், கூடப் பிறந்தவருக்கு வலப்பக்கம். பெரியப்பா தூரத்தில், மொர்தெகாய் தாத்தாவின் கல்லருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு துக்கக்காரர் உண்டா என்று ரபி கேட்கவில்லை. பேரலிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவர் தயாரில்லை. சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்று செல்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரபி கத்தியை மடக்கப் போனார்.

"இருங்க."

பனியை மிதித்துக்கொண்டு பெரியப்பா வந்தார். மேல்கோட்டின் வலப்பக்க மடிப்பை இழுத்து ரபியின் முன்னால் நீட்டினார்.

"நல்ல கோட்டு, பேரல்" என்றார் ரபி தயங்கி.

"கீறுங்க."

ரபி கீறினார். கனத்த கம்பளி. ஈரத்தோடு வந்த பெரியப்பாவின் கை குளிரில் சிவந்து மரத்துப்போயிருந்தது. முதல் இழுப்பில் வரவில்லை. பல்லைக் கடித்து இரண்டு கையாலும் இழுத்தார். துணி கிழிந்த சத்தம் மரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

செல்மா நகர்ந்து, கதீஷ் சொல்லக் குழியருகே தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவர் வந்து நின்றார். கிழிந்த துண்டு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அவர் அதைப் பிடிக்கவில்லை.