இருபத்தொரு முகப்புகள்

பழைய சாமான் கடை விக்கர்மன் எனக்கு எண்பத்தேழு பவுண்டு நாற்பது பென்ஸ் பாக்கி வைத்திருந்தார். பதினோரு வாரக் கூலி. செத்தவர்களின் வீட்டிலிருந்தும், முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்களின் வீட்டிலிருந்தும் கட்டில், அலமாரி, பியானோ என்று எல்லாவற்றையும் முதுகில் இறக்கி வேனில் ஏற்றிய கூலி. அதோடு வெட்டுக்கூலி. முகப்புக்கு ஐந்து பென்ஸ்.

முகப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கடிதத்துக்கு உறை கிடையாது. எழுதின தாளையே மடித்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதி, அரக்கு வைத்து அனுப்புவார்கள். காசு கொடுக்க வேண்டியது வாங்குகிறவன். லண்டனிலிருந்து எங்கள் லிங்கன்ஷயருக்கு ஒரு கடிதம் வந்தால் ஆட்டிடையனின் பாதி நாள் கூலி போய்விடும். ஆனால் பிரபு ஒருவர் தன் கையாலேயே தேதியும் விலாசமும் எழுதி, மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தபால் சும்மா வரும். இன்றைக்கு அந்தக் கையெழுத்துகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் வேண்டாம். விலாசம் இருக்கிற சதுரம் மட்டும் போதும், வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார்கள். அந்தச் சதுரத்தின் முதுகிலும் கடிதத்தின் வரிகள் இருக்கும். அதனால் வெட்டின பிறகு மிஞ்சுவது நடுவில் ஓட்டை விழுந்த தாள். அதை நான் சாக்கில் போடுவேன். வாரக் கடைசியில் சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மூட்டுவேன். எட்டு வருஷம் அப்படித்தான் குளிர் காய்ந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் விக்கர்மன் என்னை வைத்துக்கொண்டார். அதை மறைத்ததும் இல்லை.

"படிச்சவனைக் கத்தரிக்கோலோட உட்கார வச்சா ஒரு பெட்டிக்கு ஒரு வாரம் ஆகும் அமோஸ். ஒவ்வொண்ணையும் பிரிச்சு வாசிச்சு, ஐயோ பாவம்னு கன்னத்துல கை வச்சுக்குவான். உனக்கு அந்தச் சீக்கு கிடையாது."

அந்தச் சீக்கு எனக்கு ஐம்பத்தோராவது வயதில் வந்தது. நூலகத்து மாடி அறையில், செவ்வாய்க்கிழமை வகுப்பில். முதலில் அச்செழுத்து, அப்புறம் கையெழுத்து. விக்கர்மனிடம் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட காலம் போய், தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, மிஸ் தெர்சா ஹால்கார்த்தின் வீட்டைக் காலி செய்யப் போனோம். எழுபத்தொன்பது வயது, கண்ணில் புரை, கல்யாணம் ஆகாதவள். முதியோர் இல்லத்தில் துணிமணிக்கு ஒரு பெட்டிதான் அனுமதி. மற்றதெல்லாம் விலைக்கு. கடைசியாக ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அறுபத்துநான்கு கடிதங்கள். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் அக்கா ஆன், லண்டனில் ஒரு பிரபு வீட்டில் துணி வெளுக்கிறவளாக இருந்து, ஸ்கார்த்பி கிராமத்து அப்பா அம்மாவுக்கு எழுதியவை.

விக்கர்மன் ஒன்றை எடுத்து மூலையைப் பார்த்தார். வென்ஸ்கோம் பிரபுவின் கையெழுத்து. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நாற்பது பவுண்டு தரேன் மிஸ் ஹால்கார்த். சும்மா பழைய காகிதம்தான். உங்க முகத்துக்காக."

"காசு கிடக்கட்டும். இதுங்க ஒண்ணா இருக்கணும். பிரிக்கக் கூடாது."

"எனக்குத் தெரிஞ்ச கனவான் ஒருத்தர் இருக்கார். கண்ணாடி அலமாரில, பெட்டியோட வச்சுப்பார். என் தாய் மேல சத்தியம்."

அவருடைய தாய் யாரென்று எங்கள் லௌத் ஊரில் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி என் மேஜையில் இருந்தது. "முதல்ல இருபத்தொண்ணு. நாளைக்குப் பல் டாக்டர் வரார்," என்றார். நான் வெட்டினேன். படிக்கத் தெரிந்த பிறகும் வெட்டினேன், அதைச் சொல்லியாக வேண்டும். கை வேலை செய்தால் கண் மாடு மாதிரி சும்மா நிற்கும். எட்டு வருஷப் பழக்கம். விக்கர்மன் எதிரில் உட்கார்ந்து, ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டி முகப்புகளின் அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய காகிதம் விற்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவர் மிச்ச ரொட்டியை வாயில் போட்டுக்கொள்வார். பன்றிக்கறி அடைத்த பலகாரம் தின்ற விரலை நக்கி, அதே விரலால் அடுத்த தாளைப் புரட்டுவார்.

சனிக்கிழமை பல் டாக்டர் பெல்லூ வந்தார், விக்கர்மனிடம் முகப்பு வாங்கிச் சேர்க்கிறவர். அவர் மேல் எப்போதும் கிராம்புத் தைல வாசனை. இருபத்தொரு முகப்புகளையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து, கையெழுத்தை மட்டும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒன்றுக்கு ஆறு பவுண்டு.

"மீதி நாற்பத்துமூணும் எனக்குத்தான் விக்கர்மன். வேற யார்கிட்டயும் போயிடக் கூடாது."

நான் தேநீரை வைத்துவிட்டு, எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "பின்பக்கம் எழுத்து இருக்கே சார்."

"பின்பக்கமா?" அவர் நல்ல பல்லாகக் காட்டிச் சிரித்தார். "பின்பக்கம் பசைக்குப்பா! இன்னிக்கே ஒட்டிடுவேன்."

மதியம் சாக்கோடு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் விறகு அடுக்கி, மேலே இருந்த தாளைக் கசக்கப் போனபோது ஸ்கார்த்பி என்ற பெயர் கண்ணில் பட்டது. என் அம்மா பிறந்த ஊர். தாளைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டேன். ஆனுடைய எழுத்து வகுப்பில் நான் எழுதுவது மாதிரியே முட்டி மோதிக்கொண்டு போனது. ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம்.

"அம்மா மட்டும் படிக்க வேண்டியது. இதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். வெளியே இருப்பது பிரபுவின் கையெழுத்து அல்ல. ஏவலாள் தாமஸ் எழுதியது. பிரபுவே பார்த்தாலும் தன் கை என்பார், அப்படி எழுதுகிறான். எனக்கு மட்டும்தான் எழுதித் தருகிறான், ஒவ்வொரு முறையும். தெரிந்தால் இரண்டு பேரையும் கப்பலேற்றி ஏழு வருஷத்துக்கு நாடு கடத்திவிடுவார்கள். படித்ததும் எரித்துவிடுங்கள்."

அம்மாக்காரி எரிக்கவில்லை. நூற்றைம்பது வருஷம் எரியாமல் கிடந்ததை நான் எரிக்கப் பார்த்தேன்.

ஆக, பெட்டியில் பிரபுவின் கையெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. தபால் காசு மிச்சம் பிடிக்க ஒரு வேலைக்காரன் போட்ட கள்ளக் கையெழுத்து. அதை உள்ளேயே எழுதி வைத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் படித்திருந்தால் விக்கர்மனுக்கும் தெரிந்திருக்கும், பல் டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கிலிருந்து ஒரு கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். மிஸ் ஹால்கார்த் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அறையில் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம்.

"யாரு, தூக்குற ஆளா? வா கண்ணு. என் பெட்டி அலமாரிக்குப் போயிடுச்சா?"

"ஒண்ணு எடுத்து வந்திருக்கேன். வாசிக்கட்டுமா?"

"உனக்கு வாசிக்கத் தெரியுமா? வாசி, வாசி. நான் பதினாறு வயசுல ஒரே ஒரு தரம் எல்லாத்தையும் வாசிச்சேன். ஆனுக்கு ஒரு குழந்தை பிறந்து செத்துப்போச்சு, தெரியுமா? தாமஸோட குழந்தை. எந்தச் சர்ச்சுப் புத்தகத்துலயும் கிடையாது. மேரியா, மார்த்தாவா, பேரு மறந்துபோச்சு. ராத்திரியெல்லாம் நினைச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. கண்ணும் போச்சு."

கையில் இருந்தது அந்தக் கடிதம்தான். அது எனக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். வாசித்தேன். "பன்னிரண்டு நாள் இருந்தது. உங்கள் நிறம். நானே தண்ணீர் தெளித்து..." அங்கே நிறுத்தினேன்.

"தெளிச்சு? சொல்லு, என்ன பேரு வச்சா?"

"அங்க ஓட்டை, மிஸ் ஹால்கார்த்."

"எலியா?"

"கத்தரிக்கோல். முகப்பை வெட்டி வித்தாச்சு."

அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். விரலால் ஓட்டையின் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். நேராக வெட்டியிருந்தது. நான் எப்போதும் நேராக வெட்டுவேன்.

"எந்தப் படுபாவி வெட்டினான்?"

"நான்தான்."

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டாள். "எத்தனை போச்சு?"

"இருபத்தொண்ணு."

"அப்ப நாற்பத்துமூணு முழுசா இருக்கு. அதைக் கொண்டுவா. ஓட்டை விழுந்ததையும் கொண்டுவா. நீ வருத்தப்படறதை நான் கேட்க வேண்டாம், அது எனக்கு எதுக்கு? கொண்டுவந்துட்டு உட்கார்ந்து வாசி."

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது விக்கர்மன் பெட்டியைத் திறந்து வைத்து, கத்தரிக்கோலை எனக்காகத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து, தாமஸைப் பற்றி ஆன் எழுதின பக்கத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தட்டுத் தடுமாறினேன்.

முதலில் அவர் கடிதத்தைக் கவனிக்கவே இல்லை. "எப்பலேர்ந்து இது?" என்றார், நான் அவர் கல்லாவில் கை வைத்துவிட்ட மாதிரி.

"இலையுதிர்காலத்துலேர்ந்து."

"என் கூலியில தின்னுட்டு, எனக்குத் தெரியாம பள்ளிக்கூடம் போயிருக்க."

"நீங்க கொடுக்காத கூலியில. அதை விடுங்க. கையெழுத்து அத்தனையும் பொய். டாக்டர்கிட்ட சொல்லி, காசைக் கொடுத்துட்டு, இருபத்தொண்ணையும் திருப்பி வாங்குங்க. பசையை ஆவில காட்டினா உரியும். பின்பக்கம் ஒரு பேரு இருக்கு, அது வேணும்."

"வாங்குறதா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்பது வருஷமா அந்த ஆளுக்கு விக்கிறேன். இது பொய்யின்னா அடுத்த நிமிஷம் ஆல்பம் பூரா பொய்யின்னு வந்து நிப்பான். எத்தனை நெஜம்னு எனக்கே தெரியாது. அந்தச் சாக்கு எங்க?"

"வீட்டுல."

"கொண்டுவந்து என் கண் முன்னால எரி. இனிமே வெட்டற ஒவ்வொண்ணையும் உடனுக்குடனே எரிச்சுடணும். உன் பாக்கியைச் சுளையா இப்பவே தரேன். மேல இருபது." பணப்பையை எடுத்தார். எட்டு வருஷத்தில் அந்தப் பை அவ்வளவு வேகமாகத் திறந்து பார்த்ததில்லை. "செத்துப்போன வண்ணாத்தி ஒருத்தி, அமோஸ். யாருக்கு என்ன?"

  அந்த நோட்டுகளைப் பார்த்து, வீட்டு வாடகை மூன்று வாரம் நிற்கிறதே என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

"காசு வேண்டாம்," என்றேன். "பெட்டியைக் கொடுங்க. நாற்பத்துமூணும். சாக்கும் எனக்கு. என் பாக்கி அதோட கழியட்டும். இல்லேன்னா நான் பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, இதே பக்கத்தை அவருக்கு வாசிப்பேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, வேறொன்று வந்தது. அதைப் பார்த்ததற்குக் கோபத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

"நாற்பதுக்கு வாங்கினேன். டாக்டர்கிட்ட நூத்தி இருபத்தாறு வந்துடுச்சு. இப்ப மிச்சத்தை உனக்கு எண்பத்தேழரைக்கு விக்கிறேன், கையிலேர்ந்து ஒரு பென்னி எடுக்காம." தொடையில் தட்டினார். "ஏம்ப்பா, உன்னை நான் முன்னாலேயே பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கணும்!"

"எண்பத்தேழு நாற்பது," என்றேன்.

"ஆனா ஒண்ணு. டாக்டர் காதுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. என்னிக்கும்."

அங்கேதான் நான் நின்றேன். அந்தக் குழந்தையின் பெயர் பசைக்கு அடியில் கிடக்கிறது. வாயைத் திறந்தால் ஒருவேளை அது கிடைக்கலாம். ஆனால் அதற்குள் இவர் இந்த நாற்பத்துமூன்றையும் அடுப்பில் போட்டுவிடுவார். அவருடைய கை ஏற்கெனவே பெட்டியின் மேல்தான் இருந்தது. அடுப்பு இரண்டடி தூரத்தில்.

"சரி," என்றேன்.

அதைச் சொன்ன வாயை எத்தனை தரம் கழுவினாலும் கசப்பு போகவில்லை. விக்கர்மனும் நானும் அன்றைக்கு ஒரே வியாபாரத்தின் இரண்டு கூட்டாளிகள். ஏமாந்த பல் டாக்டர் மேல் எனக்கு இரக்கம் இல்லை. அவர் கேட்டது மூலையில் ஒரு கிறுக்கல், அது கிடைத்துவிட்டது. மிஸ் ஹால்கார்த்திடம் போய் என்ன சொல்வேன்? நாற்பத்துமூன்று வந்துவிட்டது, பெயரை விற்றுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் அப்படியே சொன்னேன். "உட்காரு, முதல்லேர்ந்து வாசி," என்றாள். ஆனால் அதற்கு முன்னால் கடையில் இன்னும் ஒரு வேலை மீதி இருந்தது.

விக்கர்மன் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதத்தான் தெரியுமே, எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூலி எண்பத்தேழு பவுண்டு நாற்பது பென்ஸும் தீர்ந்தது, அமோஸ் ட்ரூவெரிக்கு இந்தக் கடையிலிருந்து வர வேண்டியது ஒன்றும் இல்லை. மெதுவாக எழுதினேன், அவர் கொட்டாவி விட்டார். கடைசியில் என் பெயரைப் போட்டேன். என் ஆயுளில் வகுப்புக்கு வெளியே நான் முழுதாக எழுதின முதல் தாள் அதுதான்.

அவர் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, என் பெயருக்கு நேரே இருந்த பதினோரு வாரத்தையும் மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தார்.