ஓடக்கூடாத மோட்டார் சைக்கிள்

"உதைய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

போலீஸ் டிரைவர் அர்ச்சுனன் காக்கி நிஜாரை இழுத்துவிட்டுக்கொண்டு கிக்கரின் மேல் காலை வைத்தான். எருமைக் கொட்டகையின் மூலையில் முனிராஜ் நின்றிருந்தான்.

ஒரு வருஷமாக எந்தச் சத்தத்துக்காக ஏங்கினானோ, அந்தச் சத்தம் இப்போது கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஜெயில்.

நாடெங்கும் கலவரம் ஓயாத நாற்பத்திரண்டாம் வருஷத்துப் புரட்டாசி அது. முந்தாநாள் இரவு நல்லம்பள்ளி ரோட்டோரம் தந்திக் கம்பிகளை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். அறுத்தவன் மோட்டார் சைக்கிளில் பறந்தானாம். சோளக்காட்டுக் காவல்காரன் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் தனியாள் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது இண்டூரில், இந்தக் கொட்டகையில் நின்றது.

சர்வே செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டி. முனிராஜ் பார்த்தபோது அதன் மேல் சோளத்தட்டுப் போர் இருந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றுபோய், டிரைவர் வேலையும் நின்றுபோயிருந்த முனிராஜ், அதை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். இறுகிப் போயிருந்த பிஸ்டனை ஆமணக்கெண்ணெய் ஊற்றி ஊற்றி இளக்கினான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினான். திருப்தியில்லாமல் மறுபடி கழற்றினான். டேங்கின் உட்துருவை எடுக்கும் வேலையை மட்டும் மனைவி குள்ளம்மாளிடம் விட்டான். "மண்ணெண்ணெயும் கூழாங்கல்லும் போட்டு நல்லாக் குலுக்கு புள்ள." அவள் வெண்கலக் குடம் போல உள்ளே மின்ன மின்னத் திருப்பித் தந்தாள்.

எல்லாம் முடிந்தது. பெட்ரோல்தான் கிடைக்கவில்லை. ஒரு தடவைகூட வண்டி உயிர் பெறவில்லை.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். போன சந்தையன்று வெற்றிலைக் கடை தர்மன் வாயைக் கிளறினான். "ஏண்டா மாப்ள, உன் சீமைக் குதிர கத்துமா? இல்ல கொட்டாயிலயே குந்திக்கிட்டு புல்லுத் திங்குமா?"

சுற்றிலும் சிரிப்பு. முனிராஜுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "கத்துமாவா? ராவோட ராவா தருமபுரி வரைக்கும் வுட்டுட்டு வந்தேன் மாமா! ஒரே ஒத!"

அந்தப் பொய்தான் இன்று வேனில் ஏறி வீடு தேடி வந்திருந்தது.

"சத்தியமா சும்மா அளந்தேனுங்க. பெட்ரோலைக் கண்ணாலயே பாக்கலீங்க" என்று வந்ததும் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. "ஓடலேன்னா நீ புளுகன். ஓடுச்சுன்னா வேன்ல ஏறு." கையோடு ஒரு டின் பெட்ரோல் கொண்டுவந்திருந்தார். அது டேங்கில் இறங்கியாயிற்று.

ஓடும். முனிராஜுக்குத் தெரியும். அவன் கை பூட்டிய வண்டி ஓடாமல் இருக்காது. ஒரே ஒரு திருகையாவது சரியாக முடுக்காமல் விட்டிருக்கக் கூடாதா, பாவிக் கை!

முதல் உதை. சத்தமில்லை.

இரண்டாவது. ஊகூம்.

அர்ச்சுனன் பிளக்கைக் கழற்றி, துளையில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டுத் திரும்ப முடுக்கினான். மூன்றாவது உதை.

டப்! டப டப டப...

கொட்டகை அதிர்ந்தது. எருமை முளையை இழுத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், முனிராஜின் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

டப்... டப். நின்றது.

"பெட்ரோல் எறங்கலீங்க ஐயா." அர்ச்சுனன் டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினான். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. ஒரு கம்பியை விட்டு நோண்டினான். கறுப்பாக, நாரும் தோலுமாக ஒரு கட்டி வந்து விழுந்தது. எடுத்து மோந்தான். "ஐயா... புளிங்க!"

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. "ஓ! நாங்க வரோம்னு தெரிஞ்சு காலையில அடச்சு வெச்சயாடா?"

கை ஓங்கிவிட்டார். நிலைப்படியில் நின்ற குள்ளம்மாள் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

"சாமி, அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க! நாந்தானுங்க! வெளக்கு எரிக்கவே மண்ணெண்ண இல்லீங்க, அதப்போயி இதுல ஊத்தறதான்னு... கொடத்துக்குப் போடறாப்புல புளியக் கரைச்சு ஊத்திக் குலுக்குனேனுங்க. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடிங்க!"

முனிராஜ் திரும்பினான். "என்னது?"

"துரு போவணும்னுதானுங்க..."

"டேங்குலயாடி? பெட்ரோல் டேங்குலயா புளியப் போட்ட?" இன்ஸ்பெக்டர், ஜெயில், வேன் எல்லாம் அவனுக்கு மறந்துபோயின. "அது என்ன உங்க ஆத்தா வூட்டு சொம்பா? நாரு கூட எடுக்காம கரைச்சிருக்கறயே! தகரத்தத் தின்னிருக்குமே! ஒரு வருசம்டி! கொளம்பு வெக்கவாடி நான் வண்டி பூட்டுனேன்?"

முனிராஜ் அர்ச்சுனனின் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தான். திறந்த கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஓங்கிய கையை இன்ஸ்பெக்டர் இறக்கினார். புளிக்கட்டியை வாங்கி நகத்தால் கீறினார். நகம் இறங்கவில்லை. பிசின் போலக் காய்ந்து இறுகிக் கிடந்தது. நேற்று இன்று அடைத்ததல்ல.

"இவன் ஜெயிலுக்குப் பயந்து அழுவலய்யா. டேங்குக்கு அழுவறான்."

"அடைப்பு போயிருச்சு. இப்ப ஒதச்சா ஓடுங்க ஐயா" என்று அர்ச்சுனன் இழுத்தான்.

முனிராஜ் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஓடட்டும். இதத் தொண்டையில வெச்சுக்கிட்டு முந்தாநாள் நல்லம்பள்ளி போயிருக்காது." இன்ஸ்பெக்டர் அவனருகே வந்தார். குரல் தணிந்தது. "கேட்டுக்க. கம்பிய அறுத்தவன் இன்னும் கெடைக்கல. இந்தக் கொட்டாயில டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு எவனாவது வந்து சொன்னா, புளி கிளின்னு நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

பெட்ரோலை டின்னில் திரும்ப வடித்துக்கொண்டார்கள். வேன் போய்விட்டது.

முனிராஜ் குழாயை ஊதி மாட்டினான். டேங்கை ஆட்டிப் பார்த்தான். அடியில் களக் களக். கொஞ்சம் மிச்சம் இருந்தது! அவன் கால் தானாகக் கிக்கர் பக்கம் போயிற்று.

"ஏனுங்க." குள்ளம்மாள் கிட்டே வந்தாள். "ஒதச்சா கத்துமா?"

"கத்தும்."

"எதுவரைக்கும் கேக்கும்?"

அவன் ரோட்டுப் பக்கம் பார்த்தான். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

முனிராஜ் ஸ்பேனரை எடுத்தான். பிளக்கைக் கழற்றித் துண்டில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். இனி யார் உதைத்தாலும் வண்டி கத்தாது. அவள் சமையற்கட்டுக்குள் போய் ஒரு பானையின் மூடியைத் திறந்தாள்.

"அடியேய்! புளிப் பானையிலயா வெக்கற? துருப்பிடிச்சிப் போவும்டி! ராகியில வை!"

அன்று முதல் ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும், முனிராஜ் உள்ளே ஓடி ராகிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவுவான். பிளக் தட்டுப்பட்ட பிறகுதான் மூச்சு விடுவான்.