அம்புறோசைக் காட்டுக்குக் கொண்டுபோகும் ஆயத்தங்கள்

வேட்டையில் சுட்ட மானை இழுத்து வருவதற்கென்று செய்த இரண்டு சில்லு வண்டியில் அரிசி மூட்டைகளை அடுக்கிக் கட்டி, ஜேர்மனியின் ஹம் நகரில் கால்வாய்க் கரை வழியே பரராசசிங்கம் இழுத்துக்கொண்டு திரிந்ததை அந்தச் செப்டம்பரில் பார்க்காதவர்கள் குறைவு. நாயோடு நடக்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தமிழ்க் கடைக்காரர், "என்ன சிங்கண்ணை, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கத் துவங்கீட்டியளோ?" என்று பகிடி விட்டார். சிங்கம் வண்டியை இழுத்துக்கொண்டே போனார். அந்த மூட்டைகள் எல்லாம் சேர்ந்து தன் சிநேகிதன் அம்புறோசின் நிறை என்பதை நடுவழியில் நின்று யாருக்கு விளக்குவது?

அம்புறோசும் அவரும் ஒரே கம்பித் தொழிற்சாலையில், ஒரே ஷிஃப்ட்டில், பென்ஷன் வயது எட்டிப் பார்க்கும்வரை நின்றவர்கள். மற்றத் தமிழர்கள் வீடு வாங்குவதும் கோயில் சபையில் சண்டை பிடிப்பதுமாக இருந்த காலத்தில், இந்த இரண்டு பேரும் வேட்டை லைசென்ஸுக்குப் படிக்கப் போனார்கள். ஊரே சிரித்தது. அம்புறோஸ் முதல் தடவையே பாஸ். சிங்கம் மரங்களின் பெயரில் கோட்டைவிட்டு அடுத்த தடவைதான் தேறினார். வாய் ஓயாத அம்புறோஸ், காட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் மூச்சுக் காட்டமாட்டார். "என்ர மனுசி உயிரோட இருக்கேக்க இதைக் கண்டிருந்தாள் எண்டால், வீட்டுக்குள்ளயே ஒரு பரண் கட்டித் தந்திருப்பாள்," என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

இருவருக்கும் நெடுநாளாக ஓர் ஆசை. காரில் போகக்கூடிய தூரத்தில், முன்பு இராணுவம் பயிற்சி செய்த ஒரு பெரிய காடு இருக்கிறது. இப்போது அது அரசின் நிலம். பொதுநிலம் என்று பெயர், ஆனால் பொதுசனம் கால் வைக்க முடியாது, ஏனென்றால் பழைய குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாததால் அகன்ற கொம்புள்ள டாம் மான்கள் அங்கே பெருகிவிட்டன. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சீட்டுக் குலுக்கி, வெளியாட்கள் சிலருக்குச் சில நாட்கள் மட்டும் வேட்டைக்கு அனுமதி கொடுப்பார்கள். குறித்த பாதையில் நடந்துதான் போகவேண்டும். வாகனத்துக்குத் தடை. "மிதிவெடிக்குப் பயந்து இஞ்ச ஓடிவந்து, இப்ப குண்டுக் காட்டுக்குள்ள விடுங்கோ எண்டு வரிசத்துக்கு வரிசம் அன்ட்ராக் போடுறம்," என்று விண்ணப்பத்தை நிரப்பும்போதெல்லாம் அம்புறோஸ் சொல்வார். வருடாவருடம் மறுப்புத்தான் வரும். சீட்டு இந்த வருடம் அம்புறோசின் பெயருக்கு விழுந்தது.

அதற்குள் அம்புறோசின் சுவாசப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது. சத்திரசிகிச்சைக்கும் பிந்திவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். வலிக்கு மோர்ஃபின், மூச்சுக்கு மூக்கில் குழாய். நல்லது கெட்டது பாராமல் வருகிற அதிர்ஷ்டத்துக்கு வெட்கம் என்பது கிடையாது.

அனுமதியில் சிங்கத்தின் பெயர் கூடப்போகும் ஆள் என்று இருந்தது. கூடப்போகிறவர் சுடலாம், ஆனால் பெயருக்குரியவர் பக்கத்தில் இருந்தாகவேண்டும் என்பது அந்தக் காட்டின் விதி. மோர்ஃபின் எடுக்கிற அம்புறோஸ் துவக்கைத் தொடக்கூடாது. அதனால் என்ன, பார்த்துக்கொண்டு இருக்கட்டும், நான் சுடுகிறேன் என்று சிங்கம் முடிவு கட்டினார். சாவதற்கு முன் அம்புறோஸ் அந்தக் காட்டுக்குள் ஒருமுறை இருக்கவேண்டும். அது நடக்காவிட்டால் தான் ஒரு சிநேகிதனே இல்லை என்று அவர் தன் மனைவி ரஞ்சினியிடம் சொன்னார்.

"நான் உன்னைக் கொண்டுபோறன் மச்சான். நீ ஒண்டுக்கும் யோசிக்காத," என்று அம்புறோசின் கட்டிலடியில் நின்று வாக்குக் கொடுத்தார்.

அம்புறோஸ் சிரித்தார். "மான் எங்கயடா ஓடப்போகுது. இருந்திட்டுப் போவன்."

"இல்லை மச்சான், அலுவல் கிடக்கு. பிறகு வாறன்."

எங்கள் ஆட்களின் வீட்டு வாசலில் காலங்காலமாக நடக்கிற நாடகம் இது. புறப்படுகிறவரை இருந்திட்டுப் போங்கோவன் என்று மறிப்பது வீட்டுக்காரரின் கடமை. இன்னொரு நாள் ஆறுதலாக வருகிறேன் என்று செருப்பைத் தேடுவது வந்தவரின் கடமை. சொல்கிறவரும் நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவரும் நின்றுவிடுவதில்லை. அன்றும் சிங்கம் செருப்பைத் தேடினார்.

அலுவல் உண்மையிலேயே மலையாகக் கிடந்தது. வனத்துக்குப் பொறுப்பான பெண் அதிகாரியிடம் போய், தடைக் கம்பத்தைத் திறந்து காரை விடமுடியுமா என்று கேட்டார். அந்த மனுசி நல்லவள். கண் கலங்கக் கேட்டாள், ஆனால் கார் ஏலாது என்றாள். கையால் இழுக்கிற வண்டி என்றால் தனக்குத் தடையில்லை என்று அவளே வழியும் சொன்னாள். அப்போதுதான் மான் வண்டி சிங்கத்தின் மூளையில் உதித்தது. செத்த மானை ஏற்றுவதில் உயிருள்ள அம்புறோசை ஏற்றுவதா என்று ஒரு கணம் மனம் குலைந்தது உண்மை. பிறகு அதற்கு முதுகுச் சாய்மானமும் தடித்த மெத்தையும் பொருத்திவிட்டு, அதை நாற்காலி என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அம்புறோசின் ஒட்சிசன் பெட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் புஸ் என்று சத்தம் போட்டது. மானுக்கு அது கேட்டால் கதை முடிந்தது. பெட்டியைச் சூடாக்காமல் சத்தத்தை மட்டும் அமத்த, கம்பளியால் ஒரு உறை தைப்பித்தார். பரணில் ஏற்ற முடியாது என்பதால் தரையில் இருந்தபடியே மறைய வலைத்திரை வாங்கினார். துவக்கைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்க் குறி சரிபார்த்தார். அதிகாரியின் அனுமதியோடு பாதையை நடந்து பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார். வேட்டை உடுப்புகளை வாசமில்லாத சவர்க்காரத்தில் கழுவி, பைன் கிளைகளோடு பல்கனியில் தொங்கவிட்டார். ரஞ்சினி அன்றைக்கென்று பார்த்துத் தூளுக்கு மிளகாய் வறுத்தாள்.

"மானுக்கு மணக்கும் எண்டு தெரியாதோ உமக்கு?" என்று சிங்கம் பாய்ந்தார்.

"எனக்குத் தெரியிறது ஒண்டுதான்," என்றாள் ரஞ்சினி, அகப்பையைக் கீழே வைக்காமல். "அந்த மனுசன் அங்க தனியக் கிடக்குது. நீங்கள் இஞ்ச உடுப்புக் காயப்போடுறியள்."

"தனியவோ? சுபானி நிக்கிறாள்தானே."

சுபானி அம்புறோசின் ஒரே மகள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கம் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் போன் எடுத்து, "பிள்ளை, அப்பாவின்ர நிறை இப்ப எவ்வளவு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். சிங்கம் வண்டியிலிருந்து அரிசி மூட்டையில் ஒன்றை இறக்குவார். தொடக்கத்தில் இழுவை மிகக் கடினமாக இருந்தது. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பிறகு வாராவாரம் வண்டி இலேசாகிக்கொண்டே வந்தது. கால்வாய்க் கரையில் அவர் நடை வேகமாகியது. ஒருநாள் வழக்கமான மரம் வரை மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்து, நான் இன்னும் பலசாலிதான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அடுத்த கணம் அது எதனால் என்று உறைத்தது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நடுப்பாதையில் குந்திவிட்டார்.

இறக்கிய மூட்டைகள் குசினி மூலையில் கிடந்தன. ரஞ்சினிக்கு அவற்றின் கணக்குத் தெரியாது. அரிசி முடிந்துவிட்டதென்று ஒன்றை வெட்டி உலை வைத்துவிட்டாள். சிங்கம் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, பிறகு மூலையைப் பார்த்தார். மூட்டை ஒன்று குறைந்திருந்தது. கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"என்ன, உப்புக் கூடிட்டுதோ?" என்று ரஞ்சினி கேட்டாள்.

அது அம்புறோசில் கரைந்த நிறை என்று அவர் சொன்னார். அவளும் அதற்குமேல் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் சோற்றுக் கோப்பைகளுக்கு முன்னால் சத்தம் போடாமல் அழுதார்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் அவரோட இருங்கோவன்," என்றாள். நாளைக்கு என்றார் சிங்கம். நாளைக்கு வலைத்திரைக்குக் கம்பு வெட்டவேண்டியிருந்தது.

போகாமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. போவார். போனால் கட்டிலடியில் நின்றபடியே காற்றைப் பற்றியும் பாதையைப் பற்றியும் சொல்வார். ஆண் மான்கள் உறுமத் தொடங்கிவிட்டன, தடைக் கம்பத்துக்கு வெளியே நின்று கேட்டேன் என்பார். அம்புறோசின் கன்னம் ஒட்டிக்கொண்டு வருவதைக் கண் பார்க்கும்போது வாய் இன்னும் வேகமாக ஓடும். அம்புறோஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரியடா, இருந்திட்டுப் போவன்," என்பார். சிங்கத்தின் கை அதற்குள் சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கதிரையில் உட்கார்ந்தால் அழுதுவிடுவார், அதுதான் விஷயம். நின்றுகொண்டு அழாமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஒக்டோபரில் அம்புறோசை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போய், கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். அனுமதி நாட்கள் தொடங்குவதற்கு முதல்நாள் காலை, சிங்கம் வண்டி, மெத்தை, உறை தைத்த ஒட்சிசன் பெட்டி, சூடு தண்ணீர்ப் போத்தல், மழைக்கு விரிப்பு எல்லாவற்றையும் காரில் அடுக்கிக்கொண்டு அங்கே போய் இறங்கினார். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்படி ஓர் ஆயத்தத்தை அவர் தன் கலியாணத்துக்குக்கூடச் செய்ததில்லை.

சுபானி நடையிலேயே மறித்தாள். "மாமா, டொக்டர் அசைக்க ஏலாது எண்டுட்டார்."

"டொக்டருக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? மெத்தை போட்டிருக்கிறன் பிள்ளை. குலுங்காது. நான் இழுத்துப் பார்த்திட்டன், வண்டி பூப்போலப் போகுது." சிங்கம் ஒற்றைக் காலில் நின்றார். வேண்டுமென்றால் தானே டொக்டரிடம் பேசுகிறேன் என்றார். இவ்வளவும் செய்துவிட்டு விடுவதா என்றார்.

சுபானி அவரைப் பேசவிட்டாள். களைத்துப் போயிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மாமா, அப்பாவுக்குக் காடு தேவைப்படேல்லை."

சிங்கம் விளங்காமல் பார்த்தார்.

"காலமை எழும்பினவுடன சிங்கம் வந்திட்டானோ எண்டுதான் கேப்பார். காட்டுப் பக்கம் போயிட்டார் எண்டு சொல்லுவன். பின்னேரமும் கேப்பார். கடையில நிக்கிறார், சுடப் பழகப் போயிட்டார் எண்டு சொல்லுவன். போகட்டும், அவனுக்கு அது ஒரு ஆறுதல் எண்டு பேசாமக் கிடப்பார்." அவள் தகப்பனின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களை இருக்கச் சொன்னது உபசாரத்துக்கில்லை மாமா. உண்மையா இருக்கச் சொன்னவர்."

ஆகஸ்ட் முழுவதும், செப்டம்பர் முழுவதும் அம்புறோஸ் பேசக்கூடியவராக இருந்தார். பகிடி விடக்கூடியவராக இருந்தார். அந்தப் பகல்களையெல்லாம் சிங்கம் அரிசி மூட்டைகளோடு கழித்திருக்கிறார். மூட்டையோடு கதைத்தும் இருக்கிறார், மச்சான் மேடு வருது பிடிச்சுக்கொள் என்று. மடையன், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி என்ன.

"நான் இனி இருக்கிறன் பிள்ளை," என்றார். "நீ போய்க் கொஞ்சம் படு."

அறைக்குள் போய் முதல் தடவையாகக் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்புறோஸ் நித்திரை. போர்வைக்குக் கீழே ஆள் கிடப்பதே தெரியவில்லை. சிங்கம் மதியமும் எழும்பவில்லை, கோப்பி குடிக்கவும் எழும்பவில்லை. யாரும் பார்க்காததால் நன்றாக அழுதார்.

பின்னேரம் அம்புறோஸ் கண் திறந்தார். சிங்கம் குனிந்து, பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தொட்டு அவருடைய உதட்டை நனைத்தார். அம்புறோஸ் அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் மேலாளர்களோடு பேசுகிற அதே திருத்தமான ஜேர்மனில் நன்றி சொன்னார். நீங்கள் நல்ல தாதி என்றார்.

"மச்சான், நான்தான்ரா. சிங்கம்."

அம்புறோஸ் மரியாதையாகத் தலையசைத்தார். அந்நியர் ஒருவர் தன் பெயரைச் சொல்லும்போது அசைக்கிற அளவுக்குத்தான் அசைத்தார். பிறகு, மூச்சு வாங்க வாங்க, ஜேர்மனிலேயே கேட்டார்.

"என் சிநேகிதன் ஒருவன் வருவான். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தாலும் அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே விடுவீர்களா?"

அம்புறோஸ் பதிலுக்காகச் சிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுகிறேன்," என்றார் சிங்கம், ஜேர்மனில்.

அம்புறோசின் முகம் தெளிந்தது. இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டு, சிங்கம் இருந்த பக்கத்திலிருந்து தலையை மெல்லத் திருப்பி, வாசலைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினார்.